நாற்பத்தேழுக்கு வரும் அழைப்புகள்

அந்த நிறுவனத்தில் அவளுக்குப் பெயர் நாற்பத்தேழு. அவளுடைய நேரடித் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அவை. வெளியிலிருந்து அழைப்பவர்கள் "நாப்பத்தேழு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக் கேட்டு, உள்ளே இருப்பவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர் யாருடையது என்று புதிதாக வந்த கணக்கர் ஒருமுறை விசாரித்ததுகூட உண்டு. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சும்மா கிடைத்தது. இது அவளாகச் சம்பாதித்தது. எப்படிச் சம்பாதித்தாள் என்பதை அவள் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

குளிர்பதன இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் நிறுவனம் அது. ஐஸ் தொழிற்சாலை, பால் குளிரூட்டும் நிலையம், கறிக்கடையின் குளிரறை, மருத்துவமனைப் பிணவறை என்று எங்கெல்லாம் ஒன்று கெடாமல் இருக்க வேண்டுமோ அங்கிருந்தெல்லாம் அழைப்பு வரும். யாரும் நிதானமாக அழைப்பதில்லை. இயந்திரம் நின்று அரை மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே இருப்பது உருகத் தொடங்கியிருக்கும். என்ன மாடல் என்று கேட்டால் "பச்சைக் கலருங்க" என்பார்கள்.

அவள் மாடல் கேட்க மாட்டாள். "நான்தான், சொல்லுங்க" என்பாள். பிறகு, "போனை மெஷின் பக்கத்துல கொண்டுபோய்ப் பிடிங்க" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு பத்து விநாடி கேட்பாள்.

"கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு. உள்ள வால்வ் தட்டுது. லைன்லயே இருங்க, வந்துடறேன்."

எழுந்துபோய்ப் பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். அவள் வரும்வரை யாரும் போனை வைத்ததில்லை.

இன்னொன்றும் அவளிடம் இருந்தது. வாடிக்கையாளர்கள் யாருடைய எண்ணையும் அவள் எழுதி வைத்ததில்லை. யார், எங்கே, எந்த இயந்திரம், எத்தனை வருடப் பழையது, எவர் அவசரக்காரர், எவருக்கு இடது காது கேட்காது, எல்லாம் தலைக்குள் இருந்தன. தங்கை ஒருமுறை, "ஒரு டைரியில எழுதி வெச்சுக்கயேன் அக்கா, வயசாகுதுல்ல" என்றதற்கு அவள் சொன்னாள்: "எழுதி வெச்சா அது ஆபீசோடது. மண்டைக்குள்ள வெச்சாத்தான் என்னோடது."

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓர் அறையும் அடுக்களையும் கொண்ட வீட்டில் தனியாக இருந்தாள். பகலெல்லாம் பேசுகிறவள் என்பதால் வீட்டில் வானொலிகூட வைத்திருக்கவில்லை.

நேரடி எண் எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு விளக்கியவர் போன்காரர். அலுவலகத்தில் அவருக்கு வழங்கிய பெயர் அது. அவர் அவளுடைய தங்கையின் கணவர். கிடைத்த வேலையையெல்லாம் தொலைத்துவிட்டு, வீட்டிலிருந்த சாமான்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தவரை ஆறு வருடங்களுக்கு முன் முதலாளியிடம் பேசி உள்ளே கொண்டுவந்தவள் அவள்தான். பழைய தொலைபேசிப் பெட்டி செத்துப்போய், புதியதன் விலையைக் கேட்டு முதலாளி முகம் சுளித்த வாரத்தில், மாடிப்படிக்கு அடியில் கிடந்த ஒரு கம்ப்யூட்டரைத் துடைத்து அவர் ஒரு மென்பொருளை ஏற்றினார். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், பிரித்துப் பார்க்கட்டும், மாற்றிக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்ட தொலைபேசி மென்பொருள் அது. முதலாளிக்கு அதில் பிடித்தது இலவசம் என்பது. போன்காரருக்குப் பிடித்தது வேறு.

"இதுல மூடி வெச்சதுன்னு ஒண்ணுமே இல்ல அக்கா. என்ன நடந்தாலும் ஏன் நடந்துச்சுன்னு உள்ள போய்ப் பார்த்துடலாம்."

அன்று அவர் அவளுக்குத் திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். "நமக்கு மொத்தம் நூறு நம்பர். வெளியிலேர்ந்து ஒருத்தர் அடிச்சா, எந்த நம்பருக்கு அடிச்சார்ங்கிறது இங்க வந்து நிக்கும். நாப்பத்தேழுன்னு வந்தா உங்க மேசை. நாப்பத்தெட்டுன்னா கணக்கர் மேசை. ஒரே ஒரு வரி. அந்த வரியில மேசையை மாத்திட்டா போன் அங்க போயிடும். அடிச்சவருக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப நம்பர் என்னோடது இல்லையா மாப்பிள்ளை?"

"வரி எப்படி இருக்கோ அப்படி," என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு முன்பு அந்த எண் கொண்டை அக்காவிடம் இருந்தது. தலை நிறைய முடியை அள்ளி முடிந்திருந்ததால் அந்தப் பெயர். கொண்டை அக்காவின் கணவர் ஒரு பக்கம் விழுந்து படுக்கையானபோது அவர் இரண்டு மாதம் விடுப்பில் போனார். பக்கத்து மேசையில் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்த இவளிடம், அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளும்படி முதலாளி சொன்னார். அப்போது மென்பொருள் கிடையாது. சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு வயரைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கொண்டை அக்கா திரும்பி வந்தார். வயர் திரும்பி வரவில்லை. இவளிடம் அழைப்புகள் கூடியிருந்தன. முதலாளி அதைப் பார்த்தார், இவளும் அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

கொண்டை அக்கா சண்டை போடவில்லை. தினமும் காலையில் கைப்பையை வைத்தவுடன், "எனக்கு ஏதாச்சும் வந்துச்சா?" என்று மட்டும் கேட்பார்.

"இல்லையே அக்கா" என்பாள் இவள்.

வந்திருக்கும். முந்தைய நாள் நான்கு பேர் பெயர் சொல்லிக் கேட்டிருப்பார்கள். "அவங்க இல்லீங்க, நான் பார்க்கிறேன், சொல்லுங்க" என்று இவள் சொல்லியிருப்பாள். நான்கு மாதம் கழித்துக் கொண்டை அக்காவைக் கிடங்குக்கு அனுப்பி ரப்பர் வளையங்களை எண்ணச் சொன்னார்கள். அதற்கு அடுத்த மாதம் அவர் வரவில்லை. இவள் கெட்டவளாக இருந்து அதைச் செய்தாள் என்று சொல்ல முடியாது. நல்லவளாக இருந்து அதைச் செய்யாமல் விட வாய்ப்பு இருந்தது; அவ்வளவுதான் சொல்லலாம்.

இருபது வருடங்கள் கழிந்தன. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள்ல வேலைக்குப் போகலாம்?" ஆறு வாரம் என்றார். தங்கை அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றினாள். கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். தும்மல் வந்தால் தையல் பிரிந்துவிடும் என்று ஓடிவந்து வயிற்றில் தலையணையை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"உன் புருஷனைக்கூட நீ இப்படிப் பார்த்துக்க மாட்டே," என்றாள் அக்கா.

"அவரை விடு. அவர் தும்மினா நான்தான் தலையணை தேடணும்."

சிரித்தால் வயிறு வலித்தது. "அடியே, சிரிக்க வைக்காதடி, சாகடிச்சுடாத."

போன்காரர் தினமும் மாலையில் மாத்திரை வாங்கி வந்தார். அலுவலகத்தைப் பற்றிக் கேட்டால் "எல்லாம் ஓடுது அக்கா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை அவள் போனாள். அவளுடைய நாற்காலியில் முதலாளியின் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவள் மேசையிலிருந்த டம்ளர், கால் வைக்கும் பலகை, கழுத்து வலிக்கு வைத்திருந்த குட்டித் தலையணை எல்லாம் ஜன்னலோரத்து மேசைக்குப் போயிருந்தன. அங்கே ஒரு புது போன் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் தொண்ணூற்றொன்று என்று எழுதியிருந்தது.

முதலாளி அறையில் அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"உடம்பு இப்ப சரியாயிடுச்சுங்க. நாப்பத்தேழை மாத்தி விடச் சொல்லணும்."

"உட்காருங்க. உடம்பு எப்படி இருக்கு?"

"இப்பத்தான் சொன்னேனுங்க."

"ஆமா. பையன் பழகிட்டு வர்றான். பாதியில பிடுங்கினா அவன் மனசு உடைஞ்சுடும். புது நம்பர்தானேம்மா, நீங்க உட்கார்ந்தா எந்த நம்பரும் ஓடும். கஸ்டமர் உங்களைத் தேடி வர மாட்டாங்களா என்ன?"

தேடி வருவதற்கு அவர்களிடம் இருந்தது நாற்பத்தேழு மட்டும்தான். அவர்களை அழைத்துப் புது எண்ணைச் சொல்லலாமா என்று கேட்டாள். ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் இழுத்தால் கேவலமாக இருக்கும், அதைச் செய்யக் கூடாது என்றார் முதலாளி.

அலுவலகச் சுவரில் வாராவாரம் ஒரு தாள் ஒட்டுவார்கள். எந்த மேசை எத்தனை அழைப்பை எடுத்தது என்று போன்காரரின் சிஸ்டம் தானே கணக்கெடுத்து அச்சடித்துக் கொடுக்கும். மூன்று மாதம் தொடர்ந்து கடைசியில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது முதலாளியின் வழக்கம். முதல் வாரத் தாளில் தொண்ணூற்றொன்றுக்கு நேரே மூன்று என்று இருந்தது. இரண்டு தவறான எண். ஒன்று போன் வேலை செய்கிறதா என்று போன்காரரே அடித்துப் பார்த்தது.

அக்கா மகனுக்கு இயந்திரத்தின் ஒலி தெரியாது. "என்ன மாடல்?" என்று கேட்டான். "பச்சைக் கலருங்க" என்றார்கள். "பச்சையில நாலு இருக்கு, பின்பக்கம் தகடு இருக்கும் பாருங்க, அதுல சின்னதா எழுதியிருக்கும்" என்றான். அங்கே மீன் உருகிக்கொண்டிருக்கும்போது இவன் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்கிறான் என்று நினைத்தபோது அவள் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். நான்கு அடி தூரத்தில் அவளுடைய போன் சும்மா கிடந்தது.

ஒரு நாள் காலையில், கைப்பையை வைத்தவள் தன்னையறியாமல் அவனைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பி, எனக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லையே அக்கா," என்றான் அவன்.

அவன் பொய் சொல்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரல்.

அன்று மதியம் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றாள். போன்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; தங்கை கட்டிக்கொடுத்த டப்பா.

"வரியை மாத்தினது நீங்கதானே மாப்பிள்ளை?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "சொன்னாங்க, மாத்தினேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கே."

"ஆறு வாரம் மாத்திரை வாங்கிட்டு வந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லல."

"தையல் பிரிஞ்சுடும்னு உங்க தங்கச்சிதான்..." என்று இழுத்தார். பிறகு டப்பாவை மூடினார். குற்ற உணர்ச்சி உள்ளவர்கள் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடத் துடிப்பார்கள். அது பெரும்பாலும் யாரும் கேட்காத ஒன்றாக இருக்கும். "நாப்பத்தேழை என்னால தொட முடியாது. ஆனா ஒரு வழி இருக்கு அக்கா. எந்த நம்பருக்கு வருதுன்னு பார்க்கிற மாதிரி, எந்த நம்பர்லேர்ந்து வருதுன்னும் இதால பார்க்க முடியும். பொதுவான வரிக்கு மேல தனி வரி போடலாம். ஐஸ் கம்பெனிக்காரர் நாப்பத்தேழுக்கு அடிச்சா மட்டும் உங்க மேசை. மத்தவங்க அடிச்சா அவன் மேசை. தனி வரி இருந்தா சிஸ்டம் அதைத்தான் முதல்ல எடுக்கும். ஆனா ஒவ்வொருத்தர் நம்பரும் வேணும். இங்க அழைப்புப் பதிவுல நம்பர் குப்பை மாதிரி கிடக்குது, எது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கண்ணை மூடினாள். எண்களைச் சொல்லத் தொடங்கினாள்.

ஒன்பது நாள் மதிய இடைவேளையில் அவள் சொன்னாள், அவர் தட்டினார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. போன்காரர் ஒழுங்கான வேலைக்காரர். வரிக்கு ஒரு குறிப்பும் எழுதலாம், அழைப்பு வரும்போது அது போனின் சின்னத் திரையில் தெரியும் என்றார்.

"எனக்கு எதுக்கு அது? குரலைக் கேட்டா தெரியாதா?"

"இடம் காலியா இருக்கு அக்கா, இருக்கட்டும்."

எனவே சொன்னாள். பால் நிலையம், மேலாளருக்கு இடது காது கேட்காது, சத்தமாகப் பேச வேண்டும். பிணவறை, பழைய இரட்டை கம்ப்ரசர், வருடத்துக்கு இரண்டு முறை பெல்ட் போகும். கறிக்கடை, மனைவி அழைத்தால் அவசரம், அவர் அழைத்தால் அவசரமில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவா என்று. இருபது வருடத்தில் அவள் அதையெல்லாம் வரிசையாகக் கேட்டது அதுவே முதல் முறை.

கடைசியில் போன்காரர் தாமாக ஒரு வரி சேர்த்தார்: அவருடைய வீட்டு எண். குறிப்பில் "தங்கச்சி வீடு" என்று போட்டார். "அவ இன்னும் நாப்பத்தேழுக்குத்தான் அடிக்கிறா. அவன் எடுக்கிறான்னு வெச்சிடறா."

அடுத்த நாள் காலை ஒன்பது பத்துக்குத் தொண்ணூற்றொன்று ஒலித்தது.

"நான்தான், சொல்லுங்க," என்றாள்.

"எங்க அக்கா போயிட்டீங்க? எவனோ ஒரு பய எடுத்து என்னைத் தகடு படிக்கச் சொல்றான்!"

மூன்று வாரம் அவள் இருபது வருடத்தில் இல்லாத சந்தோஷத்தோடு இருந்தாள். சந்தோஷம் அவளை நல்லவளாக்கவில்லை. அக்கா மகன் ஒலிக்காத போனைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்ப்பான். "தம்பி, வயர் ஏதும் கழண்டிருக்கா பாருங்க" என்பாள். இரண்டாவது வாரம் சுவரில் தாள் ஒட்டியபோது, எல்லோரும் கேட்கும்படி, "அட, தம்பி கணக்குல பூஜ்யம் கூட முழுசா இல்லையே, ஒண்ணாயிடுச்சே" என்றாள். கணக்கர் சிரித்தார். அவன் காது சிவந்தது. அவனும் யாருக்கோ பயந்துதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான் என்பது அவள் யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை.

நான்காவது திங்கட்கிழமை போன் ஒலிக்கவில்லை.

ஒன்பது பத்து, ஒன்பதரை, பத்து. பக்கத்து மேசையில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அக்கா மகன் சின்னத் திரையைப் பார்த்தான். பிறகு சத்தமாக, "வணக்கம் சார்! பால் ஸ்டேஷன்தானே? நல்லா கேட்குதா? பெரிய கம்ப்ரசருக்குத்தானே?" என்றான். அடுத்ததற்கு, "வணக்கம்மா, நீங்களே அடிக்கிறீங்கன்னா அவசரமாத்தான் இருக்கும்" என்றான். அந்தப் பக்கம் கறிக்கடைக்காரரின் மனைவி சிரிப்பது நான்கு அடி தாண்டிக் கேட்டது.

அவள் மாடிப்படியை நோக்கி நடந்தபோது வயிற்றில் தையல் போட்ட இடம் இழுத்தது.

போன்காரர் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன் கணக்கு ஏன் இறங்குதுன்னு முதலாளி கேட்டார். உள்ள போய்ப் பார்த்தா தெரிஞ்சுடும்னு சொல்லிட்டேன். அது பழக்கத்துல வாயில வந்துடுச்சு. சரி காட்டுன்னார்."

"காட்டினீங்க."

"கேட்டாங்க, குடுத்தேன்."

"மிரட்டினாரா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல அக்கா. டீ குடிச்சிட்டே கேட்டார். இருநூத்திப் பதினஞ்சு வரிக்கும் மேசையை மட்டும் மாத்துன்னார். எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டு."

இருபது வருடங்களாக யாருக்கும் சொல்லாமல் காத்ததை ஒன்பது மதியங்களில் அவளே சொல்லி, அவரே தட்டி, அவர்களே பெயர் ஒட்டி வைத்திருக்கிறார்கள். திருட ஒன்றும் இருக்கவில்லை, எடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

"இவ்வளவு விஷயம் உங்ககிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா. பெரிய உதவி பண்ணியிருக்கீங்க." உண்மையாகவே சொன்னார். "ஒண்ணு சொல்லட்டுமா? பையன் திணறிட்டிருந்தான். கஸ்டமரெல்லாம் வெச்சிட்டுப் போறாங்கன்னு எனக்கும் தெரியும். இந்த மாசக் கடைசியில உங்களுக்கே திருப்பிக் குடுத்துடலாம்னு இருந்தேன். இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருந்தீங்கன்னா நாப்பத்தேழு உங்ககிட்ட வந்திருக்கும்."

அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"சரி, போனது போகட்டும். ஒரு வேலை இருக்கு. கஸ்டமருக்கு உங்க குரல்தான் பழக்கம். எடுத்தவுடனே உங்க குரல் வரட்டும், அப்புறம் பையனுக்குப் போகட்டும். உங்க பாணியிலயே ரெண்டு வார்த்தை பேசிக் குடுத்துடுங்க. அவனுக்குச் சத்தம் கேட்டு ரிப்பேர் சொல்லத் தெரியாதுல்ல, அவன் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக்கங்க. ஸ்பீக்கர்ல போடுவான். நீங்க சீட்டுல எழுதிக் காட்டுங்க, அவன் பேசுவான். சுவத்துத் தாள்ல உங்க பேரே வேண்டாம். கடைசியில வர்ற பிரச்சனையே இல்ல."

கோபத்துக்குக் கைக்கு எட்டும் தூரம் என்று ஒன்று உண்டு. முதலாளி அந்தத் தூரத்துக்கு அப்பால், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவள் கை எட்டிய இடத்தில் ஒருவர் இருந்தார்.

"செய்றேனுங்க. ஒண்ணு மட்டும். போன்காரர் இங்க இருக்கக் கூடாது."

முதலாளி முதல் முறையாக அவளைக் கவனித்துப் பார்த்தார். "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் இல்ல?"

"உங்களைக் கேட்காம உங்க மெஷின்ல கை வெச்சவர். இன்னைக்கு எனக்காக வெச்சார். நாளைக்கு வேற யாருக்காவது வெப்பார்."

"அதுவும் சரிதான்," என்றார் முதலாளி. "அந்த மென்பொருள் இலவசம்தானே. பையன் வீடியோ பார்த்துக் கத்துக்குவான். குரலைப் பதிவு பண்ற வேலையை அவரே முடிக்கட்டும், நாளைக்குக் காலையில சொல்லிடறேன்."

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது திரும்பிப் போய் வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. கதவு அவளுக்குப் பின்னால் தானாக மெதுவாக மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அது மூடி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

மாலையில் போன்காரர் மைக்கை அவள் வாய்க்கு அருகில் பிடித்தார். விசிறியை நிறுத்தினார். அவள் கோபமாக இல்லை என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி. "மூணு தடவை பேசுங்க அக்கா, நல்லதை எடுத்துக்கலாம்." அவள் நான்கு தடவை பேசினாள். நான்கையும் கேட்டு, நான்காவதைத் தேர்ந்தெடுத்தாள்.

"உங்க தங்கச்சி கேட்டா அசந்துடுவா," என்றார் அவர். "நேர்ல பேசற மாதிரியே இருக்கு."

அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு அவர் முதலாளி அறைக்குள் போய் நான்கு நிமிடத்தில் வெளியே வந்தார். மாடிப்படிக்கு அடியில் போய்ச் சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டார். போகிற வழியில் அவளைப் பார்த்தார். அவர் அதுவரை அப்படி யாரையும் பார்த்ததில்லை. ஏன் நடந்தது என்று உள்ளே போய்ப் பார்க்க வழியில்லாத ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவள் எழுதிக் காட்ட வைத்திருந்த துண்டுச் சீட்டுகளை நேராக அடுக்கினாள்.

அக்கா மகன் பக்கத்தில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தது. அழைப்பு வந்தால் அவன் ஸ்பீக்கரைத் தட்டுவான். இயந்திரத்தின் ஒலி மேசை முழுக்கப் பரவும். அவள் சீட்டில் எழுதுவாள். வால்வ். பெல்ட். காஸ் கசிவு. நிறுவனம் விற்காத வகை இயந்திரம் என்றால், நம்மது இல்லை. அவன் சீட்டைப் பார்த்துப் படித்துச் சொல்வான். பதினொரு மணிக்குள் பத்து அழைப்பு முடிந்திருந்தது. கைப்பைக்குள் அவளுடைய செல்போன் பத்து மணியிலிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு நாற்பத்தேழு ஒலித்தது. அக்கா மகன் சின்னத் திரையைப் பார்த்தான்.

"அக்கா, இது உங்களுக்குத்தான் போல. தங்கச்சி வீடுன்னு போட்டிருக்கு."

சொல்லிக்கொண்டே, பழகிய விரலால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"அக்கா? அக்கா, நீதானே? இப்பத்தான் பேசினியே." தங்கையின் குரல் மேசை முழுக்கப் பரவியது. "அவர் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கார். பேச மாட்டேங்கிறார். நீதான் சொன்னேன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். இல்லதானே? அக்கா, இல்லைன்னு சொல்லு. நான் அவர்கிட்ட சொல்லிடறேன்."

பிறகு வார்த்தை இல்லை, அழுகை மட்டும். மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது ஒரு தட்டல். கண்ணை மூடாமலே அவளுக்கு எல்லாம் கேட்டது. கணக்கர் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா மகனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காலையிலிருந்து செய்துவந்ததையே செய்தான். சீட்டுக் கட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் பேனாவை எடுத்தாள். வயிற்றில் தையல் இருந்த இடத்தில் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டாள். தலையணை இல்லை. எழுதினாள்.

நம்மது இல்லை.

அவன் சீட்டைப் படித்தான். அவள் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்து, மூடி, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்தான். சீட்டை மடித்து, எங்கே போடுவது என்று தெரியாமல், இரண்டு பேனாக்களுக்கு நடுவில் சட்டைப் பையில் செருகினான்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடியும் ஒலித்தது, திரையில் அதே பெயர். அவன் இந்த முறை எடுக்கவில்லை. அது நின்றது. மறுபடியும் ஒலித்தது.

ஒவ்வொரு முறையும் அந்த முனையில் முதலில் என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அவசரமில்லாத, சிரித்த முகத்தோடு பேசுவது போன்ற குரல்; நான்கில் நன்றாக வந்தது.

"நான்தான். லைன்லயே இருங்க, வந்துடறேன்."